மர்வானின் புருவமும் நெனிட்டாவின் இஞ்சி டீயும்

எங்கள் ஆலையில் 'சரி' என்று சொல்ல வேண்டுமானால் தலையில் இரண்டு தட்டு தட்டிக்கொள்ள வேண்டும். 'கூடாது' என்றால் இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே வைக்க வேண்டும். வேறு எந்தச் சாடையும் இங்கே செல்லாது. புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒரு பெரிய மனிதர், "ஏன் எல்லாரும் தலையில தட்டிக்கிறாங்க, பேன் தொல்லையா?" என்று கேட்டே விட்டார்.

ஜன்னல் செய்கிற ஆலை இது. பிளாஸ்டிக் சட்டம் அறுக்கிற ரம்பமும், மூலைகளைச் சூடாக்கி ஒட்டுகிற இயந்திரமும், காற்றுக் குழாய்களும் ஒன்றாகக் கத்தும்போது காதை அடைத்துக்கொள்ளாமல் நிற்க முடியாது. அடைத்துக்கொண்டால் பேச முடியாது. ஆகவே இங்கே பேச்சு எல்லாம் கண்ணாலும் கையாலும்தான். அதற்கு ஒரு பொதுச் சாடை பிடிப்பதற்குள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கட்டைவிரலை உயர்த்தலாம் என்றோம். சாயப் பிரிவில் இருந்த ஈரான்காரர், "எங்க ஊர்ல அதக் காட்டினா அடிதடி ஆயிடும்" என்றார். விரலை வட்டமாக வளைத்துக் காட்டலாம் என்றதும் பிரேசில் பெண் ஒருத்தி முகம் சிவந்துபோய், "அதுக்கு வாயாலயே திட்டிடலாம்" என்றாள். தலையாட்டலாம் என்ற யோசனை என்னால் கெட்டது. நான் ஆமாம் என்று ஆட்டியதை இல்லை என்று எடுத்துக்கொண்டு மேலாளர் பிரென்ட் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்ட கதை ஆலை முழுக்கத் தெரியும். கடைசியில் தலையில் தட்டுவது நிலைத்தது. எனக்கு அதில் கஷ்டமே இல்லை, பிள்ளையார் முன்னால் குட்டிக்கொண்டு வளர்ந்தவன்.

இதைக் கொண்டுவந்தவர் நெனிட்டா கசிபிட். போன வசந்தத்தில் ஓய்வு பெற்றார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. அவர் பெயரில் இந்த ஊரில் ஒரு தெருவும் இல்லை, பத்திரிகையில் ஒரு வரி வந்ததில்லை. இந்த வினிபெக் நகரில் அவர் செய்து அனுப்பிய ஜன்னல்கள் வழியாக எத்தனையோ வீடுகள் பனியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அந்த வீட்டுக்காரர்களுக்கும் அவரைத் தெரியாது.

பிலிப்பீன்காரர்கள் அக்காவை 'ஆத்தே' என்பார்கள். முதல் நாள் அவர்கள் கூட்டம் அவரை "ஆத்தே, ஆத்தே" என்று கூப்பிட்டதைக் கேட்டு நான் திடுக்கிட்டுப் போனேன். நம் ஊரில் எதையாவது பார்த்துப் பயந்தால்தானே அப்படிக் கத்துவோம். இரண்டு நாள் அவரிடம் வேலை பார்த்த பிறகு, நம் அர்த்தத்திலும் அது பொருத்தமான பெயர்தான் என்று தோன்றிவிட்டது. ஆள் என் தோள் உயரம்கூட இல்லை. இயந்திரத்தின் விசைப்பலகை எட்டாது என்று ஒரு மரப்பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டே வரிசை முழுக்க நடப்பார். அந்தப் பெட்டி தரையில் உரசுகிற சத்தம் கேட்டால் போதும், கைப்பேசிகள் எல்லாம் பையில் போய்விடும்.

தன் நாட்டில் இலோய்லோ பக்கத்திலிருந்து சின்ன வயதில் தையல் வேலைக்கு இங்கே வந்தவர். குளிர்கோட்டு தைத்தார். தையல் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியதும் எங்கள் ஆலைக்கு வந்தார், கொஞ்ச வருஷத்தில் ஒட்டும் பிரிவுக்குத் தலைமை ஆள் ஆனார். அந்தப் பிரிவைப் போலக் கதம்பமான இடம் எங்கும் கிடையாது. எரித்ரியாக்காரர், பஞ்சாபிகள், உக்ரேன் பெண்கள், சிரியாக்காரர்கள், பிலிப்பீன்காரர்கள், நடுவில் கடைசித் தரப் பரிசோதனை மேசையில் நான். என் பெயர் இளங்கோ. அங்கே 'லாங்கோ'. திருத்திப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

இப்படிப்பட்ட கூட்டத்தை எப்படி மேய்ப்பது என்று தலைமை அலுவலகம் எங்களுக்கு ஒரு படம் போட்டுக் காட்டியது. சுவரில் ஒரு பெரிய தாளும் ஒட்டியது. பல நிறத்து மனிதர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள், கீழே 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று இருக்கும். அதில் ஒருவர்கூட எங்கள் ஆலைக்காரர் இல்லை. குடும்பம் என்றால் சண்டை இருக்குமே, அது எங்கே என்று நான் கேட்டேன்.

ஆத்தேயின் வழி வேறு. சாப்பாட்டு அறையில் பிலிப்பீன்காரர்கள் கருவாட்டைச் சூடு பண்ணினால் உக்ரேன் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போவார்கள். ஒருநாள் அது பெரிய வாய்ச்சண்டை ஆயிற்று. பிரென்ட் வருவதற்குள் ஆத்தே ஒரு சூடாக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்தார். "கருவாடு இனிமே இங்க. நான் உட்பட. குளிருதுன்னு எவனும் என்கிட்ட அழக்கூடாது" என்றார். அவர் ஊர்க்காரர்களுக்கு ஒரே கோபம். "எங்க ஆளா இருந்துட்டு எங்களையே வாசல்ல நிறுத்திட்டீங்களே ஆத்தே" என்றார்கள். "என் ஆளுங்களைத்தான் எனக்கு மிரட்டத் தெரியும். மத்தவங்களை மிரட்டணும்னா முதல்ல அதுக்கு உரிமை சம்பாதிக்கணும்" என்றார். அதற்குப் பிறகு மற்றவர்கள் விஷயத்தில் அவர் சொன்ன வார்த்தைக்கு மறுபேச்சு வந்ததே இல்லை. நோன்பு மாதத்தில் சிரியாக்காரர்களின் கனமான வேலையைக் காலையிலேயே முடிக்கும்படி மாற்றி வைத்தபோது யாரும் முணுமுணுக்கவில்லை.

ஆத்தேயிடம் பெருமைக்குக் குறைவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். முக்கியமாக அவருடைய இஞ்சி டீ. பெரிய ஃபிளாஸ்க் நிறையப் போட்டுக்கொண்டு வருவார். இஞ்சி, வெல்லம் மாதிரி ஒரு சர்க்கரை, அவ்வளவுதான், ஆனால் தொண்டையில் இறங்கும்போது கண்ணில் தண்ணீர் வரும். இடைவேளையில் மேசை மேசையாகப் போய் ஊற்றுவார். "என் டீயை வேண்டாம்னு சொன்னவன் இந்த ஆலையில கிடையாது" என்பார். அதற்குச் சாட்சியாக அவர் காட்டுவது எப்போதும் மர்வானைத்தான். "அந்த மனுஷனைப் பாருங்க, கேட்டுக் கேட்டுக் குடிக்கிறாரு."

மர்வான் சப்பாக் சிரியாவில் ஹோம்ஸ் நகரில் சொந்தமாக அலுமினிய ஜன்னல் பட்டறை வைத்திருந்தவர். போர் எல்லாவற்றையும் கொண்டுபோன பிறகு குடும்பத்தோடு இங்கே வந்தார். கண்ணியமான ஆள். குரல் உயராது. ஆத்தேயை 'உக்தி' என்பார், சகோதரி என்று பொருள். ஒரு வேலை சொன்னால் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொள்வார். உங்கள் சொல் என் தலைமேல் என்று அவர் ஊர் மரியாதை. சிரமேற்கொண்டு என்று நாம் எழுதுகிறோமே, அதை அவர் செய்தே காட்டுவார். டீ குடிக்கும்போது மட்டும் முகம் கொஞ்சம் கோணும். காரம் என்று நினைத்துக்கொள்வோம்.

டிண்டோ மக்பனுவா இலோய்லோக்காரன், ஆத்தே ஊர். மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் அங்கே விட்டுவிட்டு வந்திருந்தான். அவர்களை அழைத்துக்கொள்ள மனுப் போட்டிருந்தான். அது கைகூட வேண்டுமானால் இந்த வேலை கையில் இருக்க வேண்டும். ஆத்தே அவனை 'தோதோ' என்பார், அவர்கள் பக்கத்தில் தம்பியைக் கூப்பிடுவது போல. அவனை ஒட்டும் இயந்திரத்தில் மர்வானோடு சேர்த்துவிட்டவரும் அவர்தான். இருவரும் நல்ல ஜோடி. பேசப் பொது மொழி கொஞ்சம்தான், வேலையில் ஒருவர் மூச்சு ஒருவருக்குத் தெரியும் என்று நாங்கள் சொல்வோம்.

ஜனவரியில் ஒரு காலை. ஒட்டும் இயந்திரத்தின் வாயில் உருகிய பிசிறு ஒன்று சிக்கிக்கொண்டது. மர்வான் கையை விட்டு எடுத்துக்கொண்டிருந்தார். மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்பது விதி. ஒரு பிசிறுக்காகப் பூட்டுப் போட்டவரை நான் பார்த்ததில்லை, போடாததைக் கேட்டவரையும் பார்த்ததில்லை. இயந்திரத்தின் வாயை மூடுகிற மிதிகட்டை டிண்டோவின் காலருகே. தலையில் தட்டும் சாடை அப்போது வரவில்லை. அவன் கண்ணால் கேட்டான், மர்வான் அவனைப் பார்த்துச் சாடை காட்டினார், அவன் மிதித்தான். காது அடைத்திருந்தும் அந்த அலறல் எனக்குக் கேட்டது.

இரண்டு விரல்கள் நசுங்கின. ஒன்றை மருத்துவர்கள் காப்பாற்றினார்கள். இன்னொன்றின் நுனி போய்விட்டது.

பிரென்ட் தனித்தனியாக இருவரிடமும் விசாரித்தார். "மிதிக்கலாமான்னு கேட்டேன். மிதின்னு சொன்னார். அதான் மிதிச்சேன்" என்றான் டிண்டோ. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மர்வான், "கேட்டான். வேண்டாம்னு சொன்னேன். என் முகத்தைப் பார்த்துக்கிட்டே மிதிச்சான்" என்றார். இதில் ஒருவர் பொய் சொல்லியாக வேண்டும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? பிரென்டுக்கும் தோன்றியது. அவர் கெட்ட மனிதர் அல்ல, பண்ணையில் வளர்ந்த, நேரே போகிற ஆள். விரலை இழந்தவர் எதற்குப் பொய் சொல்வார் என்று யோசித்தார். டிண்டோவை வீட்டில் இருக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை கூட்டம், அதில் தீர்மானம் என்றார். என்ன தீர்மானம் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

சாப்பாட்டு அறை இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கத்தில், "நஷ்ட ஈட்டுக்காக மர்வான் கதை கட்டுறான்" என்றார்கள். இன்னொரு பக்கத்தில், "வேணும்னே பண்ணியிருக்கான், போன வாரம் மர்வான் அவனைத் திருத்தினாரில்ல, அந்தக் கடுப்பு" என்றார்கள். இரண்டு பக்கமும் அபாண்டம். இதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபிளாஸ்கோடு சுற்றி வந்த ஆத்தேக்குப் பல கோப்பைகள் கையால் மூடப்பட்டன.

பிலிப்பீன் மேசையில் ஒருவன் எழுந்தே கேட்டான். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா பிரென்ட் கேப்பாரு. சொல்லுங்களேன் ஆத்தே. அவன் பிள்ளைங்க உங்க ஊர்ல காத்துக்கிட்டிருக்கு."

"நான் சொன்னா அது என் ஊர்க்காரனுக்கு நான் சொன்ன வார்த்தை. காசுக்குப் பெறாது" என்றார் ஆத்தே. குரல் வழக்கம்போல இல்லை.

"அப்ப அவன் போகட்டுமா?"

"நான் அப்படிச் சொன்னேனாடா?"

புதன்கிழமை மாலை என்னிடம் வந்தார். "லாங்கோ, பனியில எனக்குக் கார் ஓட்ட வராது. மர்வான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறியா?"

"டிண்டோவுக்காகப் பேசப் போறீங்களா?"

"இல்ல. கையில அடிபட்டவரைப் பாக்கப் போறேன். இன்னிக்கு தோதோ பேரையே எடுக்க மாட்டேன். எடுத்தா நீ என்னைக் கிள்ளு."

"கிள்ளினா திருப்பி அறைவீங்க."

"அறைவேன். ஆனா பேச்சை நிறுத்திடுவேன்."

மர்வானின் மனைவி ஹனான் கதவைத் திறந்தார். ஆங்கில வகுப்புக்குப் போய்க் கணவரைவிட நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டவர். மர்வான் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், ஆத்தே தோளை அழுத்தி உட்கார வைத்தார். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் முகத்தில் பழைய கனிவு இல்லை. ஹனான் ஏலக்காய் மணக்கும் காப்பி கொடுத்தார். குழந்தைகள் படிப்பு, வீட்டு வெப்பம் சரியாக வருகிறதா என்று பேச்சு ஏதேதோ சுற்றியது. ஆத்தே வாக்குத் தவறவில்லை.

பிறகு பையிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்தார். "உங்களுக்குப் பிடிச்சதாச்சேன்னு போட்டுக் கொண்டாந்தேன்" என்று ஒரு கோப்பை ஊற்றினார். மர்வான் அதை மெதுவாகக் குடித்து முடித்தார்.

"இன்னும் கொஞ்சம்?"

மர்வான் புருவத்தைத் தூக்கினார். ஆத்தே ஊற்றினார். அவர் அதையும் குடித்தார், கோணிய முகத்தோடு.

"இன்னும்?"

மறுபடி புருவம் மேலே போயிற்று. ஆத்தே ஃபிளாஸ்கைச் சாய்த்தார்.

"உக்தி," என்றார் ஹனான் பொறுக்க முடியாமல். "அவருதான் வேண்டாங்குறாரே, ஏன் ஊத்திக்கிட்டே இருக்கீங்க?"

ஆத்தேயின் கை அப்படியே நின்றது. "எப்ப சொன்னாரு? வாயே திறக்கலையே."

"இப்பதான் ரெண்டு தடவை சொன்னாரு." ஹனான் தன் புருவத்தைத் தூக்கிக் காட்டினார். கூடவே நாக்கில் சின்னதாக ஒரு சத்தம், நம் ஊரில் 'ப்ச்' கொட்டுவது போல. "இது 'வேண்டாம்'. எங்க ஊர்ல பச்சைக் குழந்தைக்கும் தெரியும்."

ஆத்தே ஃபிளாஸ்கை மேசையில் வைத்தார். மர்வானைப் பார்த்தார். "ஆலையிலயும் இப்படித்தான் சொன்னீங்களா? ஒவ்வொரு நாளும்?"

மர்வான் சங்கடத்தோடு சிரித்தார். "ஒவ்வொரு நாளும். நான் வேண்டாம்னு சொல்லச் சொல்ல நீங்க ஊத்துவீங்க. விருந்தாளி வேண்டாம்னு சொன்னாலும் விடாம ஊத்துறது உங்க ஊர் மரியாதை போலன்னு நெனச்சேன். ஊத்தினதை மிச்சம் வைக்கிறது எங்க ஊர்ல மரியாதை இல்ல. அதனால குடிச்சேன்."

"பிடிச்சுத்தான் குடிக்கிறீங்கன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தேனே!"

"அது... காரம் ஜாஸ்தி உக்தி."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆத்தே சிரிக்கவில்லை. நிறம் இறங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்ல, தன் புருவத்தை மர்வான் செய்த மாதிரியே தூக்கினார்.

"மர்வான், எங்க ஊர்ல இதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? 'ஆமா'. பேச சோம்பேறித்தனமா இருந்தா, வாய் நிறையச் சோறு இருந்தா, தூரத்துல நின்னா, நாங்க இப்படித்தான் ஆமா சொல்லுவோம். பச்சைக் குழந்தைக்கும் தெரியும்."

காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன். மர்வானின் முகம் மெல்ல மாறியது. அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம்தான் வந்தது.

"அவன் பேரைச் சொல்லாம அவனுக்காகப் பேசுறீங்க," என்றார். "என் விரல் போயிருக்கு. நல்லாக் கதை சொல்றீங்க உக்தி. உங்க ஊர்க்காரன் பாருங்க."

"நான் சொல்றது கதையா இருந்தா, ஒரு வருஷமா நீங்க குடிச்ச டீ எதுக்கு? அதுவும் கதையா?"

ஹனான் அரபியில் ஏதோ சொன்னார், மர்வான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் கிளம்பும்போது கதவு வரை வந்தது ஹனான் மட்டுமே.

காரில் ஏறிக் கிளம்பினோம். பிறகு ஆத்தே, "நான்தான் அவனை அந்த மிஷின்ல சேர்த்தேன்" என்றார். அழுதார். நான் பார்க்காத மாதிரி பனித்துடைப்பானைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். ஒரு சிக்னலில் நிற்கும்போது, "வெள்ளிக்கிழமை நான் போய்ச் சொன்னா நம்புவாங்களா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அது என்ன, ஆமாவா இல்லையா?" என்று சீறினார். "வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்!"

வெள்ளிக்கிழமை கூட்டம் அலுவலக அறையில். பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் தரப்பு ஆள் என்பதால் நானும் இருந்தேன். பிரென்ட், ஆத்தே, டிண்டோ. டிண்டோ வார இறுதியில் தேவாலயத்துக்குப் போடுகிற சட்டை போட்டு வந்திருந்தான். மர்வானுக்கு நாற்காலி போட்டிருந்தது, அவர் வருவாரா என்று யாருக்கும் தெரியாது. பின்னால் சுவரில் அந்த ஒரே குடும்பம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

பிரென்ட் தொண்டையைக் கனைப்பதற்குள் கதவு திறந்தது. மர்வான் வந்து உட்கார்ந்தார். யாரையும் பார்க்கவில்லை.

ஆத்தே எழுந்தார். "நான் பேசணும்."

"நெனிட்டா, அவன் உங்க ஊர்க்காரன்னு தெரியும்," என்றார் பிரென்ட் தன்மையாக. "உங்களுக்கு இது கஷ்டம்."

"ஊர்க்காரன்தான். அதனால அவனைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். என் முட்டாள்தனத்தைப் பத்திப் பேச வந்தேன்."

சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. தன் டீயை வேண்டாம் என்று சொன்னவனே இல்லை என்று பெருமையடித்ததை, ஒரு வருஷமாக ஒரு மனிதர் தினமும் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னதை, தான் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு மேலும் மேலும் ஊற்றியதை எல்லாம். யார் முன்னாலும் தலை தாழ்த்தாத பெண்மணி, தான் ஏமாந்த கதையை மேலாளர் முன்னால் நின்று, புருவத்தைத் தூக்கிக் காட்டி நடித்துச் சொன்னார். ஆலையில் யாருக்குமே அந்தத் துணிச்சல் கிடையாது. எனக்கு நிச்சயமாகக் கிடையாது.

"இத்தனை வருஷமா ஆளுங்களோட முகத்தைப் படிச்சு வேலை வாங்குறேன்னு சம்பளம் வாங்கினேன்," என்று முடித்தார். "நானே தப்பாப் படிச்சேன். பக்கத்துல நின்னு, பொறுமையா, டீ கையில வச்சுக்கிட்டுப் படிச்சே தப்பாப் படிச்சேன். இவன் மிஷின் சத்தத்துல ஒரு கண்சிமிட்டுற நேரத்துல படிச்சான்."

பிரென்ட் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். நம்ப ஆசை, ஆனால் நம்பப் பயம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பூட்டுப் போடாத விஷயம் தன் தலையிலும் விடியும் என்று அவருக்குத் தெரியும். கடைசியில் மர்வான் பக்கம் திரும்பினார்.

"அடிபட்டது உங்க கை. உங்களை மீறி நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். நேராவே கேக்குறேன். டிண்டோவை வேலையை விட்டு அனுப்பட்டுமா?"

மர்வான் அப்போதுதான் முதல் முறையாக டிண்டோவைப் பார்த்தார். டிண்டோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். மர்வான் வாயைத் திறக்கவில்லை. புருவத்தை மட்டும் மெல்லத் தூக்கினார்.

பிரென்ட் விழித்தார். "நெனிட்டா, இது இப்ப என்ன?"

"என்னைக் கேக்காதீங்க," என்றார் ஆத்தே. "நான் தப்பாப் படிச்சவ. யார் பொழப்போ அவனைக் கேளுங்க."

எல்லோரும் டிண்டோவைப் பார்த்தோம். பிறந்ததிலிருந்து அந்தப் புருவத்துக்கு ஒரே ஒரு அர்த்தம் தெரிந்தவன். அவன் அம்மா, அப்பா, மனைவி எல்லோரும் அந்தச் சாடையில் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்த அர்த்தத்தில் படித்தால் அவன் கதை இந்த அறையோடு முடிந்தது. கண் நிறைந்தது.

"இல்லைன்னு சொல்றாரு," என்றான். பிறகு சத்தமாக, "அனுப்ப வேண்டாம்னு சொல்றாரு, பிரென்ட்!"

"அப்படியா மர்வான்? இவன் சரியாச் சொல்றானா?"

மர்வான் மறுபடியும் முகத்தை நம்பத் தயாராக இல்லை. கட்டுப் போட்ட வலது கை மடியில் கிடந்தது. இடது கையை எடுத்துத் தலைமேல் வைத்து, எல்லோருக்கும் தெரியும்படி இரண்டு தட்டு தட்டினார்.